கிழக்கு எந்தப் பக்கம்?

என் அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கிழக்கு பார்த்த வாசல் வைத்த வீட்டிலேயே ஆயுளைக் கழித்தவர். கண் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து நாள் தங்கினார். வந்த அன்று இரவு, "சொட்டு மருந்தை எங்கே வைத்தீர்கள் அத்தை?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஊரில் என்றால் "தெற்கு அலமாரியில் நடுத்தட்டு, மேற்கு ஓரமாகப் பார்" என்று சட்டென்று வந்திருக்கும். இங்கே கையை இரண்டு முறை காற்றில் ஆட்டிவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, இந்த வீட்டில் கிழக்கு எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. நாலு வருடமாகக் குடியிருக்கிறேன்.

கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னேன். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் உண்டு. ஆனால் அடுத்த இரண்டு நாட்களில் புரிந்தது, அத்தைக்குத் திசை தெரியாவிட்டால் வாக்கியமே ஓடாது. "கொஞ்சம் கிழக்கே நகர்ந்து உட்கார்", "பாலை வடக்கு அடுப்பில் வை", "அந்த வடகோடிப் பையன் யார்?" என்று அவருடைய பேச்சு முழுக்கத் திசைகள் விரவிக் கிடந்தன. வலது, இடது என்ற சொற்கள் அவருக்குத் தெரியாதவை அல்ல. அறுவை செய்த கண் வலது கண்; சாப்பிடும் கை வலது கை. அந்தச் சொற்கள் அவருக்கு உடம்போடு நின்றுவிடும். அலமாரிக்கும் அடுப்புக்கும் ஏறி வராது.

ஒருவர் பேசும் மொழி அவர் உலகத்தைப் பார்க்கும் விதத்தை மாற்றுகிறதா என்ற கேள்வி ரொம்பப் பழையது. அதற்குச் சொல்லப்பட்ட பதில்களில் பாதி மிகை, மீதியில் பாதி அவசரம். எஞ்சியிருப்பதைத்தான் நான் அத்தையின் பேச்சில் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

மிகையை முதலில் முடித்துவிடலாம். இந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்ட பெயர் பெஞ்சமின் லீ வொர்ஃப். அமெரிக்கர், 1897இல் பிறந்தவர். படித்தது வேதிப் பொறியியல், சம்பளம் வாங்கியது ஹார்ட்ஃபோர்டு நகரத்துத் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், மனம் கிடந்தது பழங்குடி மொழிகளில். யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சபீரிடம் மொழியியல் கற்றார். தீ விபத்துகளை ஆராயப் போன இடத்தில் அவர் கண்ட ஒன்று பிரபலமானது. பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களுக்கு அருகில் தொழிலாளர்கள் எச்சரிக்கையோடு நடந்துகொள்கிறார்கள். 'காலிப் பீப்பாய்' இருக்கும் இடத்தில் சிகரெட் பற்றவைக்கிறார்கள். உண்மையில் காலிப் பீப்பாய்தான் கூடுதல் ஆபத்து. உள்ளே பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும். 'காலி' என்ற சொல் அவர்களை ஏமாற்றிவிட்டது என்றார் வொர்ஃப். நல்ல கதைதான். ஆவி கண்ணுக்குத் தெரியாது என்ற எளிய காரணமும் அதில் இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். சொல்லின் குற்றமா, கண்ணின் குற்றமா என்பதை அந்தக் கதையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்து அவர் அரிசோனாவின் ஹோபி பழங்குடியினரின் மொழியை எடுத்துக்கொண்டார். ஹோபி மொழியில் நாம் 'காலம்' என்று சொல்வதை நேரடியாகக் குறிக்கும் சொல்லோ இலக்கண வடிவமோ இல்லை, ஆகவே அவர்களின் பிரபஞ்சமே வேறு என்பது அவர் முடிவு. 1983இல் எக்கேஹார்ட் மலோட்கி என்ற மொழியியலாளர் ஹோபி மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களையும் தொடர்களையும் திரட்டி அறுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு நூலே போட்டுவிட்டார். நாள், பருவம், முன்பு, பின்பு எல்லாம் அங்கே இருந்தன. எஸ்கிமோக்களுக்குப் பனியைக் குறிக்க எத்தனையோ சொற்கள் என்ற கதையும் இதே வகைதான். 1911இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் எடுத்துக்காட்டாகச் சொன்னது நான்கே வேர்ச்சொற்கள். கை மாற மாற அது வளர்ந்து, பேச்சாளர்களின் வாயில் நூறைத் தொட்டுவிட்டது.

'சொல் இல்லை, ஆகவே எண்ணமும் இல்லை' என்ற வாதத்தை உடைக்க அரிசோனா வரை போக வேண்டியதில்லை. இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல், 'கல்'. அதனால் எந்த இந்திக்காரரும் நேற்றைய ரயிலுக்கு நாளைக்கு டிக்கெட் எடுப்பதில்லை. நாமோ பொன்னைச் 'செம்பொன்' என்கிறோம், நெல்லைச் 'செந்நெல்' என்கிறோம். நகைக்கடையில் சங்கிலியைப் பார்த்து 'சிவப்பாக இருக்கிறது' என்று எவரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

நிறத்தில் இந்த வாதம் வாங்கிய அடி இன்னும் சுவையானது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். ஹோமர் கடலை மது நிறம் என்கிறார், மாட்டையும் மது நிறம் என்கிறார். நீலத்துக்கு முறையான சொல்லே காணோம். பழங்கிரேக்கர்களின் நிற உணர்வு முழுதாக வளராமலே இருந்தது என்று கிளாட்ஸ்டன் முடிவு கட்டினார். அந்தக் கணக்கில் நம் கதி என்ன ஆகும்? திருமாலை நாம் பச்சை மலை என்றும் பாடியிருக்கிறோம், கார்முகில் வண்ணன் என்றும் கடல்வண்ணன் என்றும் மணிவண்ணன் என்றும் பாடியிருக்கிறோம். கிளாட்ஸ்டன் தமிழ் படித்திருந்தால் பக்தர்கள் அத்தனை பேரையும் கண் மருத்துவரிடம் அனுப்பியிருப்பார்.

நம் 'பச்சை' நிறத்தோடு நிற்கிற சொல்லும் அல்ல. பச்சைத் தண்ணீருக்கு நிறம் கிடையாது, அது காய்ச்சாத தண்ணீர். பச்சை உடம்பு என்றால் பிள்ளை பெற்ற உடம்பு. பச்சை குத்தினால் தோலில் தெரிவது பெரும்பாலும் நீலம் பாய்ந்த கருமை. ஈரம், இளமை, வேகாத தன்மை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மாடு பிடிப்பவரிடம் போனால் நிறச்சொற்களின் வரிசையே மாறிவிடும். காங்கேயம் சந்தையில் மயிலை, காரி, செவலை, பிள்ளை என்பார்கள். சாம்பல் நிறத்தில் எத்தனை சாயல் என்பது எனக்குத் தெரியாது. மயிலைக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் மாடு பிடிப்பவர் காட்டியபின் எனக்குத் தெரிகிறது. ஆக, கண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கண்ணைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பியவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்தார். வண்ண நூல்கண்டுகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். நீலத்துக்குத் தனிச்சொல் உறுதிப்படாத மக்கள் அவர்கள். நீலத்தை உணர்வதிலும் அவர்களுக்குக் கொஞ்சம் மந்தம் இருக்கிறது என்று எழுதினார். பிற்பாடு அந்த முடிவு நிலைக்கவில்லை. அதே ரிவர்ஸ்தான் 1901–02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி, அவர்களுடைய பார்வையையும் பிற புலன்களையும் சோதித்தார். அவர் தோடர்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூல் இன்றும் மானிடவியலாளர்கள் எடுத்துப் பார்க்கும் நூல்.

இத்தோடு 'மொழிக்கும் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை' என்று எழுந்துபோகலாம். ஐம்பது ஆண்டு முன்பு பலர் அப்படித்தான் எழுந்துபோனார்கள். ஆனால் 2007இல் ஒரு சோதனை. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கு 'கலுபோய்', கருநீலத்துக்கு 'ஸீனி'. இரண்டையும் சேர்த்து 'நீலம்' என்று சொல்ல அன்றாடச் சொல் கிடையாது. திரையில் மூன்று நீலக் கட்டங்கள். மேலே இருப்பதைப் போலவே இருப்பது கீழே உள்ள இரண்டில் எது என்று விரைவாகப் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு நீலங்களும் இரண்டு சொற்களுக்குள் விழுந்தபோது ரஷ்யர்கள் கொஞ்சம் வேகமாக அழுத்தினார்கள். ஆங்கிலம் பேசுவோருக்கு அந்த வேக வித்தியாசம் இல்லை. இதைவிட முக்கியமானது அடுத்த படி. எண்களின் வரிசை ஒன்றை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்றதும் ரஷ்யர்களின் அனுகூலம் மறைந்துவிட்டது. அதாவது, கண்ணுக்குப் பின்னால் மொழி ஓசைப்படாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் வாயை அடைத்ததும் எல்லோரும் சமம்.

வித்தியாசம் நொடியில் ஒரு சிறு துணுக்கு. அதை வைத்து 'ரஷ்யர்கள் வேறொரு வானத்தைப் பார்க்கிறார்கள்' என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் உண்டு. போடட்டும். எனக்கு அந்தச் சோதனையில் பிடித்தது, மொழி பார்வையை மறைப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, கூடவே நின்று எடுத்துக்கொடுக்கிறது என்பது.

மொழிகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு எதைச் சொல்ல முடியும் என்பதில் கிடையாது, எதைச் சொல்லாமல் தப்ப முடியாது என்பதில்தான் இருக்கிறது என்று 1959இல் மொழியியலாளர் ரோமன் யாகப்சன் எழுதினார். செய்தியறையில் மொழிபெயர்த்துப் பிழைத்தவன் என்ற முறையில் இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். நடிகர் ஒருவரின் 'பிரதர்' காலமானார் என்று ஆங்கிலச் செய்தி நிறுவனத்திலிருந்து ஒற்றை வரி வந்து விழும். அண்ணனா தம்பியா? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. எங்களுக்கோ அது தெரியாமல் ஒரு வரி நகராது. விசாரிக்க நேரம் இல்லாதபோது 'சகோதரர்' என்று எழுதித் தப்பிப்போம். சகோதரர் என்று எழுதியிருந்தால் செய்தியாளருக்கு வயது தெரியவில்லை என்று பொருள் கொள்ளுங்கள். 'அங்கிள்' என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? 'உறவினர்' என்று போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வோம்.

குற்றச் செய்தியில் இது தார்மீகப் பிரச்சினையாகிவிடும். கைதானவர் பற்றி ஆங்கிலம் 'ஹி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். தமிழில் 'கைது செய்யப்பட்டார்' என்பதா, 'செய்யப்பட்டான்' என்பதா? நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே வினைமுற்றின் விகுதி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. இரவுப் பணியில் இந்த ஒரு எழுத்துக்காக நடந்த சண்டைகள் ஏராளம். கோவில் உண்டியலை உடைத்தவன் 'ன்', வங்கியில் கோடிகளைச் சுருட்டியவர் 'ர்' என்ற எழுதாத விதி பல இடங்களில் இருந்தது. ஆங்கிலப் பத்திரிகையாளருக்கும் இதே மனச்சாய்வு இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி அவருடைய மொழி கேட்பதில்லை.

நாம், நாங்கள் என்ற பிரிவும் அப்படித்தான். வடக்கிலிருந்து வந்து தமிழ் பழகிய அலுவலக நண்பர் ஒருவர், எங்கள் மேசை அருகில் நின்று சிரித்தமுகத்தோடு "நாங்கள் டீ குடிக்கப் போகிறோம்" என்பார். நாங்கள் உட்கார்ந்தே இருப்போம். அவர் போய்விட்டுத் திரும்பி வந்து, ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொள்வார். கேட்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்ற கேள்வியை அவருடைய தாய்மொழி அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. நம்மிடம் பேசத் தொடங்கிய வயதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. மேடையில் பேசும் அரசியல்வாதி எந்த இடத்தில் 'நாங்கள்' என்பதிலிருந்து 'நாம்' என்பதற்குத் தாவுகிறார் என்பதைக் கூட்டம் காது கொடுத்தே கேட்கும்.

இனி, அத்தையின் திசைகளுக்கு வரலாம். ஆராய்ச்சி மிக ஆழமாகப் போயிருப்பது இங்கேதான்.

1770இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் சேதமடைந்து, ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் பழுதுபார்க்க நின்றது. அங்கிருந்த மக்களிடம் அவர் ஆட்கள் குறித்துக்கொண்ட ஒரு சொல்லிலிருந்துதான் 'கங்காரு' வந்தது. அம்மக்களின் மொழி கூகு யிமிதிர். அதில் வலப்பக்கம், இடப்பக்கம் என்று பொருள்களின் இருப்பிடத்தைச் சொல்லும் வழக்கம் இல்லை. எல்லாம் திசைதான், காலடியில் கிடக்கும் எறும்பு உட்பட. 1980இல் அங்குள்ள ஒரு பெரியவர் தம் இளமையில் படகு கவிழ்ந்த கதையைச் சொன்னதை ஜான் ஹேவிலண்ட் என்ற மானிடவியலாளர் படம் பிடித்தார். இரண்டு ஆண்டு கழித்து அதே கதையை அவர் மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சனிடம் சொன்னதும் பதிவானது. முதல் முறை மேற்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்த விதத்தைத் தம் உடம்பிலிருந்து முன்னோக்கிக் கையை உருட்டிக் காட்டினார். இரண்டாம் முறை வடக்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். இப்போது கை வலமிருந்து இடமாக உருண்டது. இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கவிழ்ந்தது. எத்தனையோ ஆண்டு முன்பு நடந்த விபத்தின் திசை அவர் நினைவில் அப்படியே கிடந்தது. எனக்கு நேற்று உட்கார்ந்து சாப்பிட்ட ஹோட்டலில் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டால் விழிப்பேன்.

லெவின்சனும் அவர் குழுவினரும் இதை மேசைச் சோதனையாக மாற்றினார்கள். ஒரு மேசையில் சில பொம்மை விலங்குகள் வரிசையாக நிற்கும். பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்பு அப்படியே முதுகு திரும்பி, எதிரே உள்ள இன்னொரு மேசையில் அதே வரிசையை அமைக்க வேண்டும். முதல் மேசையில் விலங்குகளின் முகம் உங்கள் வலப்பக்கம், அதாவது வடக்கே, இருந்தது என்று வைத்துக்கொள்வோம். திரும்பிய பின் வலப்பக்கம் பார்த்து வைப்பீர்களா, வடக்குப் பார்த்து வைப்பீர்களா? டச்சுக்காரர்கள் வலப்பக்கம் வைத்தார்கள். மெக்சிகோவின் மலைகளில் செல்டால் மொழி பேசுவோர் பெரும்பாலும் திசை மாறாமல் வைத்தார்கள். வீட்டில் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பதிலில் சரி, தவறு கிடையாது என்பதால் குழந்தைகளிடமும் செய்யலாம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. 2002இல் லி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் இதையே செய்து, சுற்றுப்புறம் தெரிகிற இடத்திலும் தெரியாத அறையிலும் விடைகள் மாறுகின்றன என்றார்கள். கிராமத்தார் வெட்டவெளியில் வாழ்கிறார்கள், நகரத்தார் அறைக்குள் வாழ்கிறார்கள். காரணம் இடம், மொழி வெறும் பின்பாட்டு என்பது அவர்கள் கட்சி. லெவின்சன் குழு அவர்கள் சோதனையில் குறை கண்டது. சண்டை ஓயவில்லை. என் அத்தையைப் பார்த்த பிறகு இரண்டு கட்சியிலும் எனக்குப் பாதி நம்பிக்கைதான். அவர் பிறந்த மண்ணின் வாகும் அவர் பேச்சும் ஒன்றையொன்று வளர்த்தவை. எது முதல் என்று கேட்பது வரப்பா நெல்லா என்று கேட்பதுபோல.

தமிழர்களே இந்தச் சோதனைக்கு உட்பட்டிருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் களப்பணி செய்தார். அவருக்குத் தமிழ் ஏன் வேண்டியிருந்தது என்றால், இரண்டு வகைப் பேச்சும் ஒரே மொழிக்குள் இருக்கிறது. ஒரே இலக்கணம், ஒரே சொற்களஞ்சியம்; கிராமத்தார் சிறு பொருள்களுக்கும் வடக்கு, தெற்கு என்கிறார்கள், நகரத்தார் வலது, இடது என்கிறார்கள். மேசைச் சோதனையில் விடைகளும் ஏறத்தாழ இந்தப் பேச்சு வழக்கத்தை ஒட்டியே போயின. ஆகவே மொழியின் இலக்கணம் மனத்தை வார்க்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. நானும் அத்தையும் பேசுவது ஒரே தமிழ். வாயில் எந்தச் சொல் தினமும் புழங்குகிறது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் வழி பிரிகிறது. திசையை நூறு முறை சொல்ல வேண்டியவர், சொல்லாத நேரத்திலும் திசையைக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த நிமிடம் யார் கேட்பார்கள் என்று தெரியாதே.

அந்தத் திசைச் சொற்களின் உள்ளேயே ஒரு நிலப்படம் புதைந்திருக்கிறது. கிழக்கு என்பதில் இருப்பது 'கீழ்', மேற்கு என்பதில் இருப்பது 'மேல்'. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். நீர் மேற்கிலிருந்து கிழக்காக இறங்கும் நாடு. மதுரையில் கீழமாசி வீதி கிழக்கே, மேலமாசி வீதி மேற்கே. வெளியூர்க்காரர் மேலமாசி வீதிக்கு ஏற்றம் தேடினால் ஏமாந்துபோவார். செல்டால் மக்களிடமும் இதேதான்: அவர்களுக்குத் தெற்கு 'மேட்டுப்பக்கம்', வடக்கு 'பள்ளப்பக்கம்'. நிலம் அப்படிச் சரிந்திருக்கிறது. சமதளமான மேசையின் மேல் இருக்கும் புட்டியைக்கூட நாற்காலிக்கு மேட்டுப்பக்கம் என்பார்கள்.

மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால் நிலம் தலைகீழ். அங்கே மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனாலும் மலையாளத்தில் கிழக்கு 'கிழக்கு' தான், உயர்ந்து நிற்கும் மலைப்பக்கத்துக்குத் தாழ்ந்த பக்கம் என்று பெயர். மேற்கை மட்டும் 'படிஞ்ஞாறு' என்கிறார்கள். ஞாயிறு படும், அதாவது மறையும், திசை. இந்தக் 'கிழக்கை'ச் சான்றாகக் காட்டித்தான் மலையாளத்தார் ஒரு காலத்தில் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று கால்டுவெல் வாதிட்டார். பார்வைக்கு எதிரே இருக்கும் மலையைச் சொல் பொருட்படுத்தவே இல்லை. தினமும் கிழக்கே மலை உச்சியில் சூரியன் எழுவதைப் பார்க்கும் கேரளத்துக்காரர் எவரும் தாழ்வு என்று குழம்பியதும் இல்லை. மொழிக்குள் என்ன புதைந்திருக்கிறது என்பதை அகராதியில் பார்த்து, அது பேசுபவரின் மனத்திலும் இருக்கிறது என்று முடிவுகட்டுபவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும்.

இதே எச்சரிக்கை காலத்துக்கும் பொருந்தும். நம் 'முன்' என்பதைப் பாருங்கள். முன்னால் நிற்பவர் கண்ணெதிரே இருப்பவர், முன்னோர் இறந்துபோனவர்கள், முன்னாள் அமைச்சர் பதவி போனவர். பின்னால் இருப்பது முதுகுப்பக்கம். பின்னாளில் நடப்பது இனிமேல் நடப்பது. அப்படியானால் தமிழருக்கு இறந்தகாலம் கண்ணெதிரே, வருங்காலம் முதுகுக்குப் பின்னால் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். எழுதியும் இருப்பார்கள். ஆனால் நாம் வருவதை 'எதிர்காலம்' என்கிறோம், முகத்துக்கு எதிரே வருவது. வளர்ச்சியை 'முன்னேற்றம்' என்கிறோம். சொற்களை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் வழக்காடலாம்.

ஆண்டீஸ் மலைகளின் அய்மாரா மொழியிலும் கண்ணுக்கும் முன்பக்கத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே சொல் உண்டு. ரஃபயேல் நூன்யெஸும் ஈவ் ஸ்வீட்சரும் அந்தச் சொல்லோடு திருப்தியடையாமல், பேசுபவர்களின் கைகளைப் படம் பிடித்தார்கள். முதியவர்கள் பழைய காலத்தைச் சொல்லும்போது கை முன்னே போனது. வருங்காலத்தைச் சொல்லும்போது தோளுக்குப் பின்னே போனது. இது 2006இல் வெளியானது. தமிழர்களின் கைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று கல்யாண வீட்டில் உட்கார்ந்து நான் சில நாள் கவனித்தேன். பெரும்பாலும் இலையின் பக்கம்தான் போயின.

ஆஸ்திரேலியாவின் போர்ம்புரா என்ற ஊரில் இன்னொரு சோதனை நடந்தது. முதலை வளர்வது, வாழைப்பழம் தின்னப்படுவது போன்ற படங்களைக் கலைத்துக் கொடுத்து, கால வரிசைப்படி தரையில் அடுக்கச் சொன்னார்கள் லெரா பரடிட்ஸ்கியும் அலிஸ் கேபியும். நாம் இடமிருந்து வலமாக அடுக்குவோம், அரபு எழுதுவோர் வலமிருந்து இடமாக. திசை வைத்துப் பேசும் போர்ம்புராக்காரர்கள் தெற்கு பார்த்து உட்கார்ந்தபோது இடமிருந்து வலமாகவும், வடக்கு பார்த்தபோது வலமிருந்து இடமாகவும், கிழக்கு பார்த்தபோது எதிரிலிருந்து தம் உடம்பை நோக்கியும் அடுக்கினார்கள். காலம் அவர்களுக்குச் சூரியனோடு கிழக்கிலிருந்து மேற்கே போனது. எந்தத் திசை பார்த்து உட்காருகிறீர்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அமேசான் காட்டின் பிரஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்ணுப்பெயர்களே இல்லை. 2008இல் வந்த ஆய்வில், எதிரே வரிசையாக வைத்த பொருள்களுக்குச் சமமாக அவர்களால் வைக்க முடிந்தது. பொருளை மறைத்துவிட்டு நினைவிலிருந்து வைக்கச் சொன்னால் தடுமாறினார்கள். பிற்பாடு ஆங்கிலம் பேசுவோரின் வாய்க்கு வேறொரு வேலையைக் கொடுத்து இதையே செய்யச் சொன்னபோது அவர்களும் ஏறத்தாழ அப்படியே தடுமாறினார்கள். எண்ணின் பெயர், எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கைப்பிடி. நம் தாத்தாக்களிடம் அந்தக் கைப்பிடிகள் ஏராளம்: மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. முந்திரியையும் காணியையும் வாயாலேயே கூட்டிக் கழித்து நெல் அளந்தவர்களின் பேரன் நான், கால் கிலோவுக்குக் கீழே போனால் இயந்திரத்தின் திரையைப் பார்க்கிறேன்.

அத்தை பத்தாம் நாள் ஊருக்குக் கிளம்பினார். அதற்குள் எங்கள் வீட்டின் ஒவ்வொரு சுவருக்கும் திசை வந்துவிட்டிருந்தது. காலையில் எந்தச் சுவரில் வெயில் விழுகிறது, துணிக்கொடியின் நிழல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துத் தமக்குத் தாமே பொருத்திக்கொண்டார். லிஃப்டில் மட்டும் அவருக்குக் கடைசி வரை கஷ்டமாக இருந்தது. அந்த இரும்புப் பெட்டிக்குள் போய்க் கதவு மூடியதும் கண்ணை மூடிக்கொள்வார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஓர் இரவு போன் செய்தார். ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன் கேட்டார்: "வடக்கு ஜன்னலைச் சாத்தினாயா? வாடை அடித்தால் சாரல் உன் புத்தகத்தில்தான் விழும்."

"சாத்திவிட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஜன்னல்களையும் ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.